தொட்டுப் பார்க்க ஒரு பழைய காலம்: வீட்டில் ரெட்ரோ விருந்து வைக்க முதல்முறை வழிகாட்டி

நான் முதன்முதலில் வைத்த ரெட்ரோ விருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் பழைய மாதிரியில் புதிதாக அச்சடித்த சுவரொட்டிகள், அட்டையில் வெட்டித் தொங்கவிட்ட இசைத்தட்டுகள், மூலையில் பாடாத ஒரு ரேடியோ. வந்தவர்கள் வாசலிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், "அருமை" என்றார்கள். கால் மணி நேரத்தில் ஆளாளுக்குக் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். அடுத்த முறை சுவரைத் தொடவேயில்லை. மேசைமேல் ஒரு டைப்ரைட்டரை வைத்து, காகிதம் செருகி, அப்படியே விட்டுவிட்டேன். இரவு பத்தரை வரை அதைச் சுற்றிக் கூட்டம் கலையவில்லை.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட கணக்குதான் இன்றைக்கும்: பார்வைக்கு இருபது பொருள் வாங்குவதைவிட, வருகிறவர்கள் திருகவும் அழுத்தவும் சுழற்றவும் மூன்று பொருள் போதும். கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்று பொருளைத் தேடிப் பிடித்து, சரிபார்த்து, ஆபத்தில்லாமல் கூட்டத்தின் கையில் கொடுப்பது பற்றி.

சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

விற்கிற இடத்தில் மூன்று சொற்கள் புரளும். ஆன்டிக் என்றால் நூறு வயதைத் தாண்டியது என்று பொதுவாகக் கொள்வார்கள். விண்டேஜ் அதற்கு இளையது. எட்ஸி போன்ற இணைய விற்பனைத் தளம் குறைந்தது 20 ஆண்டுப் பழசாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. ரெட்ரோ என்பது பாணியின் பெயர். போன மாதம் ஆலையிலிருந்து வந்த பொருளும் ரெட்ரோவாக இருக்கலாம். 'விண்டேஜ் ஸ்டைல்' என்று போட்டிருந்தால் அது புதுசு என்றுதான் அர்த்தம். வாங்கக் கூடாது என்றில்லை, பழசின் விலையைக் கொடுக்காமல் இருந்தால் சரி.

முதலில் பொருள், பிறகு காலம்

பெரும்பாலானவர்கள் "எழுபதுகள்" என்று தீர்மானித்துவிட்டுப் பட்டியல் போடுவார்கள். பட்டியலோடு போகிறவர் கையில் சிக்குவதெல்லாம் அலங்காரச் சாமான்தான். திருப்பிப் போடுங்கள். வேலை செய்கிற ஒரு நல்ல பொருள் எப்போது கிடைக்கிறதோ அப்போது தொடங்குங்கள். அது எந்தக் காலத்தைச் சேர்ந்ததோ அதுவே விருந்தின் காலம்.

எந்தப் பொருள் எந்தப் பத்தாண்டுக்குக் கதவு திறக்கும் என்று ஓரளவு தெரிந்திருந்தால் உதவும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீண்ட இசைத்தட்டு 1948-இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டோடு போட்டிக்கு வந்தது. பிலிப்ஸின் கேசட் 1963. உள்ளே மெழுகு மிதக்கும் லாவா விளக்கும் அதே ஆண்டு. கொடாக்கின் வட்டத் தட்டு ஸ்லைடு புரொஜெக்டரான கேரசல் 1961, வீட்டில் சினிமா எடுக்க உதவிய சூப்பர் 8 படச்சுருள் 1965. எடுத்த படத்தை அங்கேயே கையில் தரும், மடக்கி வைக்கும் போலராய்டு எஸ்.எக்ஸ்-70 கேமரா 1972. வாக்மேன் 1979. எர்னோ ரூபிக்கின் கனசதுரம் 1974-இல் உருவாகி, 1980-இல்தான் உலகமெங்கும் கடைக்கு வந்தது.

நிறத்தை இவற்றைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். ஐம்பதுகளுக்கு வெளிறிய இளஞ்சிவப்பும் நீலப்பச்சையும். எழுபதுகளுக்கு மங்கிய பச்சை, கடுகு மஞ்சள், எரிந்த ஆரஞ்சு. எண்பதுகளுக்குக் கண்ணைப் பறிக்கிற நிறங்களும் கோணல்மாணலான வடிவங்களும். மிலானில் வடிவமைப்பாளர் எத்தோரே சொட்சாஸ் தொடங்கிய மெம்பிஸ் என்ற வடிவமைப்புக் குழு இந்தப் பாணியைத்தான் கிளப்பிவிட்டது. ஒரு மேசைவிரிப்பும் இரண்டு தலையணை உறையும் இந்த வேலையைச் செய்துவிடும். சுவருக்கு வண்ணம் அடிக்கும் யோசனை வந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், தானாகப் போய்விடும்.

எங்கே தேடுவது

இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள். வாரக் கடைசியில் கூடும் பழைய பொருள் சந்தை, நன்கொடைப் பொருள் விற்கும் கடை, வீட்டைக் காலி செய்கிறவர்கள் நடத்தும் விற்பனை, ஏலம், இணையம் என்று ஐந்து வாசல். இதில் புதியவருக்கு நான் முதலில் காட்டுவது வீடு காலி செய்யும் விற்பனையைத்தான். அங்கே பொருளைப் பயன்படுத்தியவரோ அவர் பிள்ளைகளோ இருப்பார்கள். கடைசியாக எப்போது ஓடியது, என்ன பழுது வந்தது என்று கேட்டால் பதில் கிடைக்கும். இன்னொரு ரகசியம்: அதற்கான ஊசி, சாவி, சிறு கையேடு எல்லாம் அதே வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும். கேட்காவிட்டால் குப்பைக்குப் போய்விடும்.

சந்தைக்கு விடியற்காலையில் போனால் தேர்ந்தெடுக்கலாம், மூடும் நேரத்தில் போனால் பேரம் பேசலாம். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. தனித்தனியாக விலை கேட்பதைவிட மூன்று பொருளைச் சேர்த்து வைத்து ஒரே விலை கேட்பது எடுபடும்.

இணையத்தில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை. இபே போன்ற தளத்தில் 'விற்றுப்போனவை' என்று வடிகட்டிப் பார்த்தால் ஆட்கள் உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்று தெரியும். "ஓட்டிப் பார்க்கவில்லை" என்ற வரியை நான் "ஓட்டிப் பார்த்தேன், ஓடவில்லை" என்றே படித்துக்கொள்கிறேன். செருக மின்சாரம் இல்லாத வீடு எத்தனை இருக்கப்போகிறது?

இசைத்தட்டு வாங்கும்போது தரக்குறியைக் கவனியுங்கள். கோல்ட்மைன் என்ற பத்திரிகையின் அளவுகோலைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள்: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். இதில் 'குட்' என்றால் நல்லது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அது பாடும், கூடவே பொரியும். விருந்துக்கு 'வெரி குட் பிளஸ்' போதும். நியர் மின்ட் தட்டைக் கூட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

வயதைக் கண்டுபிடிக்கும் கண்

பொருளைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் பேசும். 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலம்; அது 1952-இல் முடிந்தது. 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1992 முடிவதற்குள். நாடுகள் மறைந்தபின் அவற்றின் பெயர் நமக்கு நாட்காட்டியாகிவிடுகிறது.

பெட்டியில் பட்டைக்குறி (பார்கோடு) இருக்கிறதா? கடையில் அதை முதன்முதலில் வருடிப் பார்த்தது 1974 ஜூனில். ஆக, பட்டைக்குறியோடு வரும் 'அறுபதுகளின் விளையாட்டுப் பெட்டி' அறுபதுகளில் அச்சானதல்ல. மர அலமாரியில் கூட்டல் குறி போன்ற தலையுள்ள திருகாணி தென்பட்டால், ஒன்று அலமாரி 1930-களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது, இல்லையென்றால் யாரோ பிற்பாடு பழுதுபார்த்திருக்கிறார்கள். இழுப்பறையை உருவி, மூலையில் பலகைகள் கோத்திருக்கும் பற்களைப் பாருங்கள்: அளவு முன்னே பின்னே இருந்தால் கைவேலை, அச்சில் வார்த்தாற்போல இருந்தால் இயந்திர வேலை.

கனமான, பழுப்பேறிய பிளாஸ்டிக் கைப்பிடி பேக்கலைட்டா என்று சந்தேகமா? 1907-இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பொருள் அது. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். மருந்து நெடி போல ஒன்று சுரீரென்று ஏறும். கடையில் நின்று பிளாஸ்டிக்கை மோந்து பார்க்க முதல்முறை வெட்கமாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைக் கண்ணால் நம்பாதீர்கள். நகத்தால் ஒரு சுற்று வருடுங்கள், சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் தட்டும். பிறகு விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் எடுங்கள், மந்தமாகச் செத்துப்போனால் எங்கோ விரிசல் இருக்கலாம்.

பழுது பார்க்கக்கூடியது எது, தலைவலி எது

வாங்க ஒதுக்கிய பணத்தில் பாதியைப் பழுதுக்கு எடுத்து வையுங்கள். என்னென்ன பழுது எளிது என்று தெரிந்தால் அஞ்சத் தேவையில்லை. கேசட் கருவியும் ரிக்கார்டு பிளேயரும் சுற்றாததற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் உருகிப் பசையாவதுதான். புது பெல்ட் கிடைக்கும், மாற்றுவதும் சுலபம். மின்கலப் பெட்டியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் மின்கலம் ஒழுகியிருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்தால் பல நேரம் உயிர் வந்துவிடும். டைப்ரைட்டருக்குப் பெரும்பாலும் அரை அங்குல ரிப்பன்தான், இன்றும் செய்கிறார்கள்.

கண்ணாடிக் குழல் வால்வுகளால் இயங்கும் பழைய வால்வு ரேடியோ வேறு கதை. வாங்கி வந்ததும் ஆசையில் செருகிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் கெட்டுப்போயிருக்கும், சில வெடிக்கும், சில பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். மலிவாகச் செய்யப்பட்ட பல செட்டுகளில் உலோகச் சட்டகமே நேராக மின்வழியோடு இணைந்திருக்கும். கழன்றுபோன ஒரு குமிழியைத் தொட்டால்கூட அடிக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, கெப்பாசிட்டரையும் மின்கம்பியையும் மாற்றிய பிறகே கூட்டத்தில் வையுங்கள். வேறு நாட்டுக் கருவி என்றால் அடியில் 110 வோல்ட்டா 220-240 வோல்ட்டா என்று பாருங்கள். என்னிடம் ஒருவர் "நேராகச் செருகலாம்" என்று சத்தியம் செய்து விற்ற கலவை இயந்திரம் ஒரே நொடி மிக வேகமாகச் சுற்றியது. அதன்பின் சுற்றவேயில்லை.

துணியும் மெத்தை நாற்காலியும் வாங்கினால் தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள். தாங்காத சிறு பொருளைப் பையில் கட்டி, கழித்தல் 18 டிகிரி உறைபெட்டியில் நான்கு நாள் வையுங்கள். மெத்தை நாற்காலியில் புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் நடையைக் கட்டுங்கள்.

சாப்பிடும் பாத்திரத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்

விருந்தில் பழைய பாத்திரம்தான் உண்மையான ஆபத்து, ஆனால் பலரும் கவலைப்படுவது நாற்காலிக் கால் ஆடுவதைப் பற்றி. பழைய பீங்கான் மெருகிலும், உள்பக்கம் வரைந்த பூவேலையிலும், எனாமலின் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளிலும் ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும். புளிப்பும் சூடும் அதை வெளியே இழுக்கும். ஃபியஸ்டா என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பீங்கான் வரிசையில் 1936-இல் வந்த சிவப்பு நிறத்துக்கே யுரேனியம் ஆக்சைடைத்தான் கலந்தார்கள். 1943-இல் போருக்காக அரசு யுரேனியத்தை எடுத்துக்கொண்டதும் அந்த நிறம் நின்றுபோனது. கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சி மேற்பரப்பில் இருக்கிறதா என்றுதான் காட்டும், எவ்வளவு என்று சொல்லாது.

என் வழக்கம் இது. விரிசலோடிய மெருகும் பெயர்ந்த எனாமலும் மேசை நடுவில் சாவி, பூ, சீட்டுக்கட்டு தாங்கட்டும். உணவுக்குப் பழைய கண்ணாடித் தட்டு அல்லது உள்ளே இன்றைய கிண்ணம். ஈயம் கலந்த கனமான படிகக் கோப்பையில் ஊற்றி ஊற்றிக் குடிக்கலாம், ஆனால் அந்தப் படிகக் குடுவையில் முதல் நாளே பானத்தை நிரப்பி வைக்காதீர்கள், ஈயம் ஊறும். மெலமைன் என்ற கடின பிளாஸ்டிக் தட்டும் தங்க விளிம்புப் பீங்கானும் மைக்ரோவேவுக்குள் போகக்கூடாது. வண்ணம் தீட்டிய பழைய பைரெக்ஸ் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் சில தடவையில் வண்ணம் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். கையால் கழுவுங்கள்.

யுரேனியம் கலந்த பச்சைக் கண்ணாடி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அலமாரியில் வைத்து, புற ஊதா டார்ச்சை அருகில் போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் அது பச்சையாக ஒளிரும். பிள்ளைகள் அந்த டார்ச்சைத் திருப்பித் தர மாட்டார்கள். யார் கண்ணிலும் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையை வைப்பது

வெள்ளை வெளேர் விளக்கு எரிந்தால் எந்தப் பழைய பொருளும் பழைய சாமான் கடைச் சரக்காகத் தெரியும். கூரை விளக்கை அணைத்துவிட்டு 2200 முதல் 2700 கெல்வின் வரை உள்ள மஞ்சள் எல்.இ.டி. விளக்குகளை இடுப்பு உயரத்தில் மூன்று இடத்தில் வையுங்கள். லாவா விளக்கை விருந்தினர் வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். மெழுகு சூடேறி மிதக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். இதை மறந்தவர்கள் மாலை முழுவதும் அடியில் உறைந்த ஒரு கட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்று பொருளையும் மூன்று மூலைக்குப் பிரியுங்கள். ஒரே மேசையில் வைத்தால் அருங்காட்சியகம், யாரும் தொடமாட்டார்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சீட்டு: "சுழற்றிப் பாருங்கள்", "அழுத்தி அடியுங்கள்". அனுமதி எழுத்தில் இருந்தால்தான் பெரியவர்களுக்குக் கை நீளும்.

பாட்டு

கைப்பேசியில் பாட்டுப் பட்டியல் ஓடவிட்டால் வேலை மிச்சம்தான். ஆனால் நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 நிமிடத்தில் முடிந்துவிடும், யாராவது எழுந்து போய்த் திருப்ப வேண்டும். 45 சுற்றுத் தட்டு என்றால் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை. இந்தத் தொல்லைதான் விருந்தை நடத்துகிறது. வந்தவர்களில் யாரையும் தெரியாமல் தனியே நிற்கிறவரிடம் தட்டு மாற்றும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அரை மணியில் அவரிடம் எல்லோரும் பாட்டு கேட்டு நிற்பார்கள்.

சில பெட்டி வடிவ மலிவு பிளேயர்களில் ஊசி அழுத்தம் ஐந்து கிராம்வரை போகும். நல்ல கருவியில் அது இரண்டு கிராம் அளவில்தான். அழுத்தம் கூடினால் தட்டின் பள்ளம் தேயும். வைர ஊசி 500 முதல் 1000 மணி நேரம் உழைக்கும். முன்னவர் எவ்வளவு ஓட்டினார் என்று தெரியாததால் புது ஊசி போட்டுவிடுங்கள். 78 சுற்றுத் தட்டு கிடைத்தால் இரண்டு எச்சரிக்கை. அதன் பள்ளம் அகலம், அதற்கென்று தனி ஊசி வேண்டும். அது பெரும்பாலும் அரக்கு; சாராயம் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்தால் பாட்டும் சேர்ந்து கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணி போதும்.

கைக்கு வேலை

சுழல் எண் தொலைபேசி இருந்தால் சிறுவர்களிடம் கொடுத்து ஓர் எண்ணைச் சுழற்றச் சொல்லுங்கள். பூஜ்யத்துக்கு ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். பெரும்பாலான கருவிகளில் ஒன்றுக்கு ஒரு துடிப்பு, பூஜ்யத்துக்குப் பத்து என்று அப்போது சொல்லலாம்.

போலராய்டு வைத்தால் படலம் ஒரு பெட்டிக்கு எட்டுதான். தலைக்கு ஒரு படம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். வெளியே வந்த படத்தை உதறாதீர்கள். வெளிச்சம் படாமல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள்.

ஸ்லைடு புரொஜெக்டர் என்றால் 80 படம் கொள்ளும் தட்டை நிரப்பும் ஆசையை அடக்குங்கள். இருபது போதும். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல், விளக்கை மட்டும் அணைத்து விசிறியைச் சில நிமிடம் ஓடவிடுங்கள், இல்லையென்றால் விளக்கு சீக்கிரம் போய்விடும். சூப்பர் 8 சுருளைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. ஓட்டாமல் தனியாக எடுத்து வையுங்கள், மற்ற சுருளோடு சேர்க்காதீர்கள்.

டைப்ரைட்டரை மட்டும் கட்டாயம் வையுங்கள் என்பேன். விருந்தினர் பதிவேடு அதுதான்: ஆளுக்கு ஒரு வரி, தேதியோடு. பழைய ஆங்கில டைப்ரைட்டர் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குச் சாவியே கிடையாது, சிறிய 'எல்' எழுத்தைத்தான் அடிக்க வேண்டும். இதை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சாவியைத் தேடுகிற விரல் நின்று, பக்கத்தில் இருப்பவர் குனிந்து, இரண்டு பேரும் சேர்ந்து தேடத் தொடங்குவார்கள்.

மறுநாள்

கோப்பைகளைத் தொட்டிக்குள் ஒரு துண்டு விரித்து ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். எல்லாக் கருவியிலிருந்தும் மின்கலத்தைக் கழற்றுங்கள். இசைத்தட்டுகளை உறையில் இட்டுச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும். ஒவ்வொரு பொருளின் அடியிலும் எங்கே, எப்போது வாங்கியது, என்ன பழுது பார்த்தது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். கடைசியாக டைப்ரைட்டரிலிருந்து காகிதத்தை உருவி, அதே ரிக்கார்டு உறைகளில் ஒன்றுக்குள் செருகிவிடுங்கள். அடுத்த விருந்தில் அந்தத் தட்டை எடுக்கிறவர் கையில் அது கிடைக்கும்.